போக்குவரத்து நெரிசல்

"அதை அப்படியே எழுதிப்போடாதே புவனா," என்று கிருபாசங்கர் கையை நீட்டித் தடுத்தார். "எழுத்துல வேற மாதிரி வரோணும்."

புவனாவின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. அவள் வீட்டு ஹாலில் ஐந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடு சோபாவில் வரதராஜுலு. மில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர், இப்போது அண்ணமார் கார்டன் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். தான் சொன்னதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழமையானா காலனி சனம் பூரா நம்ம வீதில நடந்து வரும். அப்பறம் இதென்னங்க லேஅவுட்டு?"

விஷயம் இதுதான். துடியலூருக்கு மேற்கே இருக்கும் அந்த லேஅவுட்டில், புவனாவின் வீட்டை ஒட்டிய காலி சைட்டை ஒரு கிறிஸ்தவச் சபையார் வாங்கிவிட்டார்கள். சர்ச் கட்ட அனுமதி கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனுவும் போட்டுவிட்டார்கள். சபை என்றால் பெரிய சபை இல்லை, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் இருக்கிற நாற்பது குடும்பம். அண்ணமார் கார்டன் ஆண்கள் இத்தனை ஒற்றுமையாக எதற்கும் கூடியதில்லை. பதினாறு நாள் தண்ணீர் வராதபோதுகூட மூன்று பேர்தான் வந்தார்கள்.

"பேசலாமுங்க. எழுதினா கேஸ் ஆயிரும்," என்று தலைவருக்கு விளக்கினார் கிருபாசங்கர். அவர் புவனாவின் புருஷன், சங்கத்தின் செயலாளர். பேர் அவருக்கு, எழுத்து வேலை புவனாவுக்கு. கோபிசெட்டிபாளையத்தில் அவள் படித்து வாங்கிய தமிழ் எம்.ஏ. கல்யாணத்துக்குப் பிறகு இருபத்திரண்டு வருஷமாகத் தெருவிளக்குக்கும் தெருநாய்க்கும் மனு எழுதத்தான் பயன்பட்டது. அவள் எழுதினால் காரியம் நடக்கும் என்று வீதியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

புவனா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "குறுகலான வீதியில் போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டுக் குடியிருப்போரின் இயல்பு வாழ்க்கை பாதிக்கப்படும்" என்று எழுதிப் படித்துக் காட்டினாள்.

"அடடா!" என்று வரதராஜுலு தொடையில் தட்டினார். "அதேதானம்மணி நாஞ் சொன்னது!"

தமிழில் எதைச் சொல்லவும் ஒரு சொல் இருக்கிறது. எதையும் சொல்லாமல் மறைக்க இரண்டு சொல் இருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் 'அந்த சனம் வந்தா நம்ம வீதியே கெட்டுப்போயிரும்' என்பது 'சுகாதாரச் சீர்கேடு' ஆனது. 'அவுங்க பாட்டு நம்ம காதுல விழோணுமா' என்பது 'ஒலி மாசு' ஆனது. இந்தக் கடைசி வார்த்தையைக் கிருபாசங்கர் இரண்டு தடவை உரக்கச் சொல்ல வேண்டி வந்தது. வீட்டின் பின்புறம், பிளானில் கார் ஷெட் என்று காட்டிய இடத்தில், அவருடைய மூன்று லேத் மெஷினும் இரைச்சலோடு பம்ப்செட் சாமான் கடைந்துகொண்டிருந்தன.

மனு முடிந்ததும் காகிதத்தை அவள் பக்கமே திருப்பி வைத்தார். "கையெழுத்தும் நீயே போட்டுரு. பக்கத்துச் சொத்துக்காரங்க ஆட்சேபணைன்னாத்தான் வெயிட்டு."

பக்கத்துச் சொத்துக்காரி அவள்தான். பெண்கள் பேரில் வாங்கினால் கடனில் சலுகை என்று பேங்க்காரர்கள் சொன்னதால், பத்திரம் புவனா பேரில் பதிவானது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என்ன பெயிண்ட் என்றுகூட அவளை ஒருத்தரும் கேட்டதில்லை. புவனா கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஏழு மணி இருக்கும். வீதி கூட்டுகிற சென்னியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புவனா வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். அண்ணமார் கார்டனின் நான்கு வீதியையும் வாரத்தில் ஆறு நாள் கூட்டுகிறவள் அவள். காலனிக்காரி, அந்தச் சபைக்காரி.

"ஏனுங்கம்மா, ஒரு கடுதாசி படிச்சுச் சொல்லோணுமுங்க. உங்களாட்டப் படிச்சவங்க இந்த வீதில வேற ஆரு இருக்கறாங்க?"

நான்காக மடித்த ஜெராக்ஸ் காகிதம். புவனா பிரித்தாள். அவளுடைய எழுத்து. அவளுடைய சுழி, அவளுடைய கொம்பு.

"சர்ச்சு கட்டக் கூடாதுன்னு எழுதிப்போட்டிருக்கறாங்களாமா. பாஸ்டர் ஊட்டுக்கொரு ஜெராக்ஸ் குடுத்து ஜெபம் பண்ணச் சொன்னாருங்க. என்னன்னே தெரியாம என்னத்தைங்க ஜெபம் பண்றது?"

"ரெண்டாவது பக்கம் எங்க?" என்று கேட்டாள் புவனா.

"அதுல கையெழுத்துப் போட்டவங்க பேரு இருக்குதுங்களாமா. பேரைத் தெரிஞ்சா மனசுல கசப்பு வந்துரும்னு அதை மட்டும் அவரே வெச்சுக்கிட்டாருங்க."

புவனா படித்தாள். தன் மனுவைத் தானே சத்தம் போட்டுப் படிப்பது அவளுக்குப் புதிதில்லை. எதிரில் நின்று கேட்ட ஆள்தான் புதிது.

"நெரிசல்னா என்னங்கம்மா?"

"வண்டிங்க நெறைய வந்து வழி அடைச்சுக்கும்ங்கறது."

"எங்ககிட்ட ஏதுங்க வண்டி?" சென்னியம்மாள் நிஜமாகவே குழம்பிப் போனாள். "அல்லாரும் நடந்துதானுங்களே வாரோம். நான் தெனமும் இந்த வீதிலதானுங்களே நடக்கறேன், அப்பல்லாம் அடைக்கலீங்களே? அப்பறமென்னங்க எழுதிருக்குது?"

"சுகாதாரச் சீர்கேடு. வீதி குப்பையாயிரும்னு."

சென்னியம்மாள் திரும்பி, தான் கூட்டி முடித்த வீதியைப் பார்த்தாள். ஒரு வேப்பிலை கிடக்கவில்லை. "ஆரு கூட்டறதுன்னு தெரியாம எழுதிப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க," என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நம்பினாள்.

இப்போது அவர்கள் ஜெபம் பண்ணுவது கோழிப்பண்ணை ஓரத்தில் ஒரு வாடகைத் தகரக் கொட்டாயில். மழை பெய்தால் பாஸ்டர் பேசுவது காதில் விழாது. பண்ணையைப் பெரிசு பண்ணப் போகிறார்களாம், ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "எடம் வாங்கறதுக்கே எட்டு வருசமாச்சுங்க. இது போச்சுன்னா என்ர காலத்துல இனி இல்லீங்க," என்றபடி சென்னியம்மாள் காகிதத்தை வாங்கி மடித்தாள். "ஆனா எழுத்து முத்து முத்தா இருக்குதுங்கம்மா. நல்லாப் படிச்சவங்களாட்ட இருக்குது."

புவனாவுக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு மறைக்க முடியாத வெட்கம். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது. அன்று சமையலில் உப்பு இல்லை. கிருபாசங்கர் அதைச் சொல்லிக் காட்டினார்.

கலெக்டர் ஆபீஸ் அனுப்பிய மனுவின்மேல் தாசில்தார் ஆபீசில் விசாரணை, பட்டாதாரர் நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. காரில் போகும்போது கிருபாசங்கர் தைரியம் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். அல்லாம் நான் பாத்துக்கறேன்."

தாசில்தார் ஒரு பெண். மேஜைக்கு ஒருபுறம் வரதராஜுலுவும் சங்கத்துக்காரர்களும், மறுபுறம் பாஸ்டரும் சபையார் நான்கைந்து பேரும். சென்னியம்மாள் லீவு சொல்லிவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"பட்டாதாரர் யாருங்க?"

"என்ர மிசஸ் பேர்ல இருக்குதுங்க மேடம். நான் சொல்றேனுங்க."

"சொத்து அவங்க பேர்ல இருந்தா அவங்கதானே சொல்லணும்?" தாசில்தார் புவனாவின் பக்கம் திரும்பினார். "இந்தக் கையெழுத்து உங்களுதாம்மா?"

"ஆமாங்க," என்றாள் புவனா. "மனு எழுதினதும் நாந்தானுங்க."

கதவோரத்தில் சென்னியம்மாள் தலையைத் தூக்கினாள். புவனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மேற்கொண்டு பேச்சு வந்திருக்காது.

"போக்குவரத்து நெரிசல்னு போட்டிருக்கீங்க. எத்தனை வண்டி வரும்னு நெனைக்கறீங்க?"

"ஒரு வண்டியும் வராதுங்க. அவங்க நடந்துதான் வருவாங்க."

"அப்பறம் நெரிசல் எங்கிருந்து வந்துச்சு?"

"கூட்டத்துல பேசினது வேறங்க. காலனி சனம் நம்ம வீதில நடக்கக் கூடாதுன்னாங்க. அப்படியே எழுதினா கேஸ் ஆயிரும்னு மாத்தி எழுதச் சொன்னாங்க. நான் மாத்திக் குடுத்தேனுங்க. தப்பு என்ர பேர்லயும் இருக்குது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பக்கத்து எடத்துக்காரிங்கற முறையில, சர்ச் கட்டறதுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லீங்க."

கிருபாசங்கர் ஓடாத மின்விசிறியைப் பார்த்தார். வரதராஜுலு இருமினார். வாக்குமூலம் எழுதுகிற கிளார்க், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இதை எப்படி எழுதறதுங்க?" என்று கேட்டார்.

"அவங்க சொன்னபடிக்கே எழுதுங்க."

வெளியே வராந்தாவில் சென்னியம்மாள் அவளைத் தாண்டிப் போனாள். ஒரு பார்வை பார்த்தாள். நன்றி சொல்லாமல் போனதே புவனாவுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

ஃபைல் கலெக்டர் ஆபீசுக்குப் போனது, முடிவு இன்னும் வரவில்லை. அண்ணமார் கார்டன் வீதியில் புவனாவோடு பேச்சு நின்றுபோயிற்று. வீட்டிலும்தான். ஒன்பது நாள் கிருபாசங்கர் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். பத்தாம் நாள் காலை இட்லிக்குச் சட்னி நன்றாக இருக்கிறது என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சட்னியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அப்போதே அவளுக்கு என்னவோ போல இருந்தது.

"அம்மணி," என்று கூப்பிட்டு, முத்திரைத்தாள் கட்டு ஒன்றை அவள் முன்னால் வைத்தார். "பேங்க் சம்பந்தமா ஒரு சின்ன பார்மாலிட்டி. அடியில ஒரு கையெழுத்துப் போட்டுரு. பதினொரு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல டோக்கன் போட்டிருக்குது."

"படிச்சுட்டுப் போடறேனுங்க."

"இதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். செட்டில்மெண்ட் பத்திரம். வீட்டையும் இடத்தையும் அவள் அவருக்கு எழுதிக் கொடுக்கிறாள். 'என் கணவராகிய தங்கள்மீது எனக்குள்ள அளவற்ற அன்பினாலும் பிரியத்தினாலும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், என் சுய அறிவுடனும் முழுச் சம்மதத்துடனும்' என்று போயிற்று வாசகம். எழுதியவர் கெட்டிக்காரர். புவனா அந்த வரியை இரண்டாம் தடவையும் படித்தாள்.

"மணியாவுது," என்று கிருபாசங்கர் பேனாவை நீட்டினார்.

"எழுத்துல நல்லாத்தான் வந்திருக்குதுங்க," என்றாள் புவனா. பேனாவை வாங்கி மூடி போட்டாள். "ஆனா இதுக்கு எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க."