சம்பந்தி விற்ற கார்

ஆலப்பாக்கம் தாண்டியதும் கார் இரண்டு முறை தும்மியது. வைத்திலிங்கத்தின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. தும்மட்டும். சிதம்பரத்தில் சம்பந்தி வாசலிலும் இதேபோல் நாலு பேர் பார்க்கத் தும்மட்டும்.

பக்கத்தில் மனைவி ராமாமிர்தம் மடியில் முறுக்குத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். சண்டை போடப் போகிற வீட்டுக்கு முறுக்கு எதற்கு என்று கடலூரில் கிளம்பும்போதே அவர் கேட்டுவிட்டார். சண்டை உங்களுடையது, முறுக்கு பேரனுடையது என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மகள் கயல்விழியின் மாமனார் தில்லைநாதன் சிதம்பரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். போன ஆவணியில் அவர் புதுக் கார் வாங்கினார். நாலு வருடம் ஓட்டிய பழைய காரை வெளியாளிடம் கொடுப்பானேன் என்று வைத்திலிங்கத்துக்கே விற்றார். இரண்டு மாதம் கார் பூப்போல ஓடியது. ஐப்பசி கடைசியில், ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக மஞ்சளாய் ஒரு சின்ன விளக்கு எரிய ஆரம்பித்தது. பிறகு அது அணையவே இல்லை. பெட்ரோல் தண்ணீராகச் செலவழிந்தது. பின்னால் புகைக்குழாயில் கரி அப்பிக்கொண்டது. ரயில்வே கேட்டில் நிறுத்தினால் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி உடம்பை உதறியது.

வைத்திலிங்கம் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்தவர். ஒரு சொல் மேலே விழாமல் ஓய்வு பெற்றவர். அவர் வம்சத்தில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாந்ததாக ஒப்புக்கொண்டதும் இல்லை. கார்த்திகையில் திட்டக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் பங்காளி ஞானசேகரன், கார் எப்படி ஓடுகிறது என்று சும்மா கேட்டுவைத்தார்.

"கெட்டுப்போன வண்டிய என் தலையில கட்டிட்டாரு. இனிமே அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார் வைத்திலிங்கம்.

பந்தி முழுக்கக் கேட்டது. ரசம் ஊற்ற வந்தவர்கூட வாளியோடு நின்று கேட்டார். மூன்றாம் நாள் அது சிதம்பரம் போய்ச் சேர்ந்தது.

தை பத்தாம் தேதி திருவந்திபுரத்தில் பேரனுக்குக் காதணி விழா. இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் உட்கார வேண்டிய நாள். கயல்விழி போன் செய்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "நேர்ல வந்து பேசி முடிச்சிடுங்கப்பா. முடியலன்னா விழாவுக்கு அம்மாவும் தம்பியும் வந்தா போதும். மாமன் மடி இருந்தா காது குத்திடலாம்" என்றாள். அன்று இரவு வைத்திலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பேரன் காது குத்தும்போது தாத்தா இல்லாத போட்டோ ஒன்று காலத்துக்கும் அந்த வீட்டுச் சுவரில் தொங்கும். அதற்காகச் சொன்ன சொல்லையும் திரும்ப வாங்க முடியாது. கார் கெட்ட கார்தான் என்று பத்துப் பேர் அறிய நிரூபித்துவிட்டால், சம்பந்தியை மன்னித்துவிடலாம். மன்னிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்படித்தான் மார்கழிக் கடைசியில் அவர் சிதம்பரம் வந்தார். வீட்டுக்குள் போகவில்லை. தில்லைநாதனே வெளியே வந்து, தான் வழக்கமாக வண்டி விடுகிற பட்டறைக்குப் போனால் சந்தேகம் வரும், இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஆளிடம் காட்டலாம் என்றார். அந்த நியாயம் வைத்திலிங்கத்துக்குப் பிடித்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

பைபாஸ் ரோட்டில் ராபர்ட்டின் பட்டறை. ராபர்ட்டுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினான். அதில் எழுத்து ஓடியது.

"ஆக்சிஜன் சென்சார்னு காட்டுது" என்றான்.

அது என்ன என்று இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கிற மூக்கு என்றான் ராபர்ட். வெளியே போகிற புகையை அது மோந்து பார்த்து, பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்லும். அதைக் கேட்டுத்தான் இன்ஜின் பெட்ரோலை அளந்து ஊற்றும். அந்தச் சேதி வராவிட்டால் மூக்கடைத்த சமையல்காரன் மாதிரி கண்டபடி ஊற்றும்.

"அப்ப அந்த மூக்கு கெட்டுப்போச்சு" என்றார் வைத்திலிங்கம். குரலில் தீபாவளி. "கழட்டிக் குடுங்க. ஒரு கவர்ல போட்டு நான் எடுத்துட்டுப் போவணும்." திட்டக்குடியில் காட்டுவதற்குத்தான்.

தில்லைநாதன் முகம் சிறுத்துவிட்டது. தனக்குத் தெரிந்து விற்கவில்லை, ஆனாலும் தன் கையிலிருந்து போன பொருள், புதுசாகத் தானே போட்டுத் தருவதாக மெல்லச் சொன்னார். ராபர்ட் மட்டும் ஸ்பானரை எடுக்கவில்லை.

"மெஷின் சேதி வரலன்னுதான் சொல்லுது. மூக்கு செத்துப்போச்சுன்னு சொல்லல. பாக்காம மாத்தக் கூடாதுங்க ஐயா."

இன்ஜினைச் சூடேற ஓடவிட்டான். சென்சாரிலிருந்து வருகிற வயரில் மீட்டரைத் தொடுத்து, தில்லைநாதனை ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து விடச் சொன்னான். மீட்டரில் எண் மேலே ஏறியது, கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. வைத்திலிங்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்குங்க. புகைக்குத் தகுந்தாப்புல மாறி மாறி பேசுது" என்றான் ராபர்ட்.

அதே வயரின் மறுமுனையில் மீட்டரை வைத்தான். எண் அசையவில்லை. இங்கே பேசுவது அங்கே கேட்கவில்லை என்றால் கோளாறு நடுவில் இருக்கிறது. வயர் போகிற வழியை விரலாலேயே தடவிக்கொண்டு போனான். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றினான். குனிந்தவன் அப்படியே சிரித்துவிட்டான்.

அடியில் இருந்த பிளாஸ்டிக் தட்டில் சணல், காய்ந்த சாமந்தி, பஞ்சு எல்லாம் வைத்து எலி வீடு கட்டியிருந்தது. பக்கத்தில் வயர் கொறித்த கரும்பு மாதிரி அறுந்து கிடந்தது. சுற்றிலும் பொரி. கை நிறைய அள்ளலாம். நடுநடுவே பொட்டுக்கடலை, வெல்லத் துணுக்கு.

"ஆயுத பூஜை முடிஞ்சி ரெண்டு மூணு மாசத்துக்கு எனக்கு இந்த கேஸ்தான் ஜாஸ்தி" என்றான் ராபர்ட். "ஆனா யாரக் கேட்டாலும், எங்க வீட்டுல இல்லன்னுதான் சொல்லுவாங்க."

வைத்திலிங்கம் வீட்டில் ஆயுத பூஜைப் பொரியை மாட்டுவண்டியின் அச்சு, நுகத்தடி, ஏர்க்கால் என்று எல்லாவற்றின் மேலும் இறைப்பது நாலு தலைமுறை வழக்கம். இறைத்ததைப் பெருக்கக் கூடாது. காற்றும் காக்காயும் எடுத்துக்கொண்டு போனால்தான் விருத்தி. வண்டி போய் கார் வந்ததும், அதற்கும் அச்சு போன்றது இன்ஜின்தானே என்று பானெட்டைத் திறந்து இரண்டு படிப் பொரியை அவர் கையாலேயே இறைத்தார். பெருக்க வந்த ராமாமிர்தத்தைத் தடுத்ததும் அவர்தான். மாட்டுவண்டிக்கு அடியில் தட்டு கிடையாது, கீழே மண் என்பது அன்றைக்குத் தோன்றவில்லை.

ராமாமிர்தம் பட்டறைக் கூரையை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தில்லைநாதனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்களும் வருஷா வருஷம் பொரி போட்டதுதான். போன வருஷத்துப் பொரியா இருக்கும். எங்க தப்புதான் சம்பந்தி" என்றார்.

வைத்திலிங்கத்துக்கு முதுகில் சாட்டையடி பட்டதுபோல் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். வந்த காரியம் முடிந்தது. சொன்ன சொல் நிற்கும், மன்னிப்பும் கொடுக்கலாம், விழாவுக்கும் போகலாம். ஆனால் அவர் வம்சத்தில் ஒருவருடைய தப்பை இன்னொருவர் சுமக்க விட்டதில்லை. அதுவும் சம்பந்தி.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பொரியில வெல்லம் தட்டிப் போடுறது எங்க வீட்டு வழக்கம். அது எங்க பொரி. நான்தான் போட்டேன்" என்றார்.

ராபர்ட், பத்து வருடத்தில் ஒத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி, எண்ணெய்க் கையோடு கும்பிட்டான்.

அதோடு வைத்திலிங்கம் விடவில்லை. பந்தியில் சொன்னது தப்பு என்று பந்திக்கும் தெரிய வேண்டும் அல்லவா? செல்போனை எடுத்து ஞானசேகரனைக் கூப்பிட்டார். பழைய பழக்கம், போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கார் பொன்னான கார், சம்பந்தி அதைவிடப் பொன்னான மனுஷன், வயரைக் கடித்தது எலி, எலியை வரவழைத்தது நான், இதை அன்றைக்கு யார் யார் கேட்டார்களோ அத்தனை பேரிடமும் சொல்லிவிடு, ரசம் ஊற்றியவரையும் விட்டுவிடாதே என்றார். மறுமுனையில் ஞானசேகரன் சிரித்த சிரிப்பு ராபர்ட்டுக்கே கேட்டது. வைத்திலிங்கம் அதை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

ராபர்ட் வயரை ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, தட்டைக் கழுவி மாட்டினான். கருவியில் ஏதோ அமுக்கினான். மஞ்சள் விளக்கு அணைந்தது. கார் உதறாமல் ஓடியது.

மத்தியானம் சம்பந்தி வீட்டில் வைத்திலிங்கம் கை நனைத்தார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். கயல்விழி ஊற்றும்போது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பேரன் முறுக்கைக் கடித்துக்கொண்டு தாத்தா மடியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு மட்டும் புரியல சம்பந்தி" என்றார் வைத்திலிங்கம். "நாலு வருஷம் நீங்களும் பொரி போட்டீங்க. உங்க வயர எலி ஏன் கடிக்கல?"

தில்லைநாதன் வாசல் பக்கம் கையைக் காட்டினார். புதுக் காரின் பானெட்டின் மேல் ஒரு பெரிய சாம்பல் நிறப் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. டயர் பக்கத்தில் மூன்று குட்டிகள்.

பொரியை பானெட்டுக்கு மேலேயே வைத்தால் போதும் என்று ராபர்ட் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். வைத்திலிங்கம் யோசித்துப் பார்த்தார். நாலு தலைமுறை வழக்கத்தை ஒரு எலிக்காக மாற்றுவதா?

சாயங்காலம் கார் கடலூருக்குத் திரும்பியது. புதுச்சத்திரம் வரை ஒரு தும்மல்கூட இல்லை. ராமாமிர்தத்தின் மடியில் காலித் தூக்கு. தூக்குக்குள்ளிருந்து சாம்பல் நிறக் குட்டி ஒன்று தலையை நீட்டி, மஞ்சள் விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.