வீங்காத முழங்கை

மின்விசிறித் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக ஸ்க்ரூ முடுக்குகிறேன். விசிறிக்கு எட்டு. ஒரு நாளைக்கு எத்தனை விசிறி என்று கேட்காதீர்கள், வயிறு எரியும். டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் முழங்கை வலிக்குப் பேர் டென்னிஸ் எல்போவாம். பேருக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஆலை மருத்துவரிடம் ஒரு படிவம் உண்டு. முழங்கையில் வீக்கம் இருந்தால் வேறு வேலை, இல்லாவிட்டால் பழைய இடம். அதனால் அவர் அறைக்குப் போகுமுன் கழிப்பறையில் கையைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொள்வது எங்கள் பெண்களின் வழக்கம். அங்கேயே வேலை செய்யும் என் அண்ணி அன்றும் நகத்தோடு தயாராக நின்றாள்.

"காட்டுடி கைய. ரெண்டு கிள்ளு, ஜம்முனு வீங்கிடும்."

"வேணாம் அண்ணி. வலி நிஜம். அதுக்கு எதுக்குப் பொய் சாட்சி?"

"அப்ப முடுக்கிட்டே கிட" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவர் தடவிப் பார்த்து, வீக்கம் 'இல்லை' என்று எழுதினார். அப்புறம் ஊசியை எடுத்தார்.

"இதப் போட்டா நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்மா."

ஏற்கெனவே இவரே இரண்டு போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒரு மாதம் வலியை மறைத்தது. அந்தத் தைரியத்தில் முடுக்கித் தள்ளினேன். பிறகு முன்னைவிட மோசமாக வலித்தது. போன வாரம் டம்ளரைப் பிடிக்க முடியாமல் மகள் மடியில் வெந்நீரைக் கொட்டிவிட்டேன். இந்தக் கை போனால் எனக்கு வேறு கதியில்லை.

"ஊசி எதுக்கு சார்?"

"வீக்கம் குறைய."

"இப்பத்தான் இல்லைன்னு எழுதினீங்க."

படிவத்தைத் திரும்பப் பார்த்தார். "உள்ள கொஞ்சம் இருக்கலாம்."

"அப்ப இருக்குன்னு எழுதி வேற வேலை குடுங்க. வெளியில பிசியோதெரபி அம்மாகிட்ட கேட்டுட்டேன். இவ்வளவு நாளானப்புறம் வீக்கம் பெருசா இருக்காதாம். தசைய எலும்போட பிடிச்சிருக்கிற நார் நைஞ்சு கிடக்காம். அது தேறணும்னா முடுக்கறத விட்டுட்டுக் கொஞ்சம் கொஞ்சமா பயிற்சி செய்யணுமாம்."

"ஊசி வேணாம்னா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிடுவேன். வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"எழுதுங்க. இல்லாத வீக்கத்துக்கு ரெண்டு ஊசி போட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் லேபர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மருத்துவர் ஊசியை மூடிவைத்தார். நைந்த நாருக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினார்: 'நார் சிதைவு. மூன்று மாதம் சோதனைப் பிரிவு, முடுக்கும் வேலை கூடாது.' என் முகத்தைப் பார்க்காமலே நீட்டி, "அடுத்த ஆளு" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. முத்திரை இல்லாத படிவத்தை மேற்பார்வையாளர் ஏற்கமாட்டார்.

"முத்திரை குத்துங்க சார்."