இடக்கன்னத்து வெளிச்சம்

சிக்னியின் இடக்கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், பிறந்த நாள் முதலாய் ஒரு செம்மச்சம். திராட்சைச் சாறு கொட்டிக் காய்ந்த நிறம். பெரிய ஏரியின் கரையில் இருக்கும் துலூத் ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. படம் எடுப்பவர்கள்தான் கண்டுகொள்வார்கள்.

போன கோடையில் சித்தி கல்யாணத்தில் அப்படித்தான் ஆயிற்று. ஸ்டுடியோக்காரர் யாரையும் கேட்காமல் மச்சத்தை வழித்து எடுத்துவிட்டார். படம் பளிச்சென்றுதான் இருந்தது. சிக்னி அதைக் கையில் வாங்கி, "யாருங்க இந்தப் பொண்ணு? நம்ம சொந்தமா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது பள்ளியில் கடைசி வருஷம். ஆண்டுமலருக்கு ஆளுக்கொரு படம் கொடுத்தாக வேண்டும். ஏரிக்கரையோ, படகோ, சோளக்காடோ, அவரவர் விருப்பம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடையாள அட்டையில் இருக்கும் படத்தையே போட்டுவிடுவார்கள். அதில் சிக்னி தும்மப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஆனாலும் ஸ்டுடியோ வாசலை மிதிக்கமாட்டேன் என்று ஒரே பிடி.

"நான் எடுக்கட்டுமா?" என்று சாப்பாட்டு மேசையில் மெல்லக் கேட்டார் ரெய்னோ.

ரெய்னோ அவள் அம்மா ஜோலீனை மணந்து இரண்டு வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் தெருப் பனியைத் தள்ளும் லாரி ஓட்டுபவர். வசந்தத்தில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கி, அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எடுத்த கடற்காகம் ஒண்ணுக்காவது தலை இருக்கா ரெய்னோ?"

"அது பறக்குது. நீ நிப்பே இல்ல?"

சிக்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, எடுங்க. ஆனா படத்துல நான் இருக்கணும்."

"பின்னே வேற யாரு இருப்பா?" என்றவர், அவள் விரல் தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் ஏரிக்கரைப் பாறைக்குப் போனார்கள். எடுப்பவன் முதுகில் வெயில் விழ வேண்டும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது ரெய்னோவுக்கு வேதவாக்கு. அவர் முதுகில் விழுந்த வெயில் சிக்னியின் கண்ணில் குத்தியது. தண்ணீரும் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டினாற்போல் மின்னியது.

"கண்ணைத் திறம்மா."

"திறந்துதான் இருக்கேன்!"

நாற்பது படம். நாற்பதிலும் எலுமிச்சம்பழம் கடித்த முகம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. மச்சமோ கறுத்துப்போய், யாரோ அறைந்த தழும்பு போல் தெரிந்தது.

"சாயங்கால வெயில்தான் தேன் மாதிரி இருக்குமாம்" என்று எங்கோ படித்துவிட்டு வந்து, புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். ஆறரைக்கு அஸ்தமனம் என்றது செல்போன். ஐந்தே முக்காலுக்குப் போனால் தாராளம் என்று கணக்குப் போட்டார். அங்கேதான் கோட்டைவிட்டார். ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி மலை நிற்பது செல்போனுக்கு எப்படித் தெரியும்? போய் இறங்கியபோது பாதிக் கரை நிழலுக்குள் போயிருந்தது.

"ஓடு, ஓடு! அந்தக் கம்பத்துக்கிட்ட இன்னும் இருக்கு!"

இருவரும் வெயிலைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். கம்பத்தருகே கடைசித் துண்டு வெளிச்சம், பக்கவாட்டில், மஞ்சளாய். ரெய்னோ அவசர அவசரமாக அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார். "இன்னும் கொஞ்சம்... வலப்பக்கம் வெளிச்சத்துக்கு... அப்படியே."

எடுத்ததும் சிக்னி கேமராவை வாங்கிப் பார்த்தாள். வலக்கன்னம் பொன்னாய் ஒளிர்ந்தது. இடக்கன்னம் இருட்டுக்குள் இருந்தது. மச்சம் இருந்த சுவடே இல்லை.

"நீங்களும் அழிச்சிட்டீங்க" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் ஜோலீன் பிடித்துக்கொண்டாள். "பதினெட்டு வருஷமா பனி தள்ளுறே. எந்தத் தெருவுல மலை நிழல் விழுந்து ஐஸ் உருகாம கிடக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே. அந்த மூளையை எங்கே கழட்டி வச்சே?"

 மலை நிழலைவிடச் சிக்னி சொன்னதுதான் ரெய்னோவை உறுத்தியது. மறுநாள் சிக்னி பள்ளி விட்டு வந்ததும் அவள் அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறைக்கணும்னு நான் நினைக்கலம்மா. அழகா வரணும்னுதான் திருப்பினேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ரெய்னோ."

அந்தச் சொல் அவர் நெஞ்சில் தைத்தது. இரவுச் சாப்பாட்டில் ரொட்டியைப் பிட்டு வைத்தவர், வாயில் போட மறந்து எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஊரே இல்லை. ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி மலைமேல் வரை ஏறியிருந்தது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ரெய்னோ ஜன்னலைப் பார்த்துத் திட்டினார். இந்த மாதிரி நிழலே விழாத நாட்கள்தான் லாரிக்காரனுக்கு எமன். பனித் தரையில் மேடு எது பள்ளம் எது என்று தெரியாது. படத்துக்கு இன்று சூரியனும் இல்லை. எல்லாம் போயிற்று.

அப்போது சிக்னி குப்பைக் கூடையை வெளியே வைத்துவிட்டுப் படியில் நின்று வானத்தைப் பார்த்தாள். ரெய்னோவின் கையில் காப்பி அப்படியே நின்றது. அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. குழி இல்லை, சுருக்கம் இல்லை. மச்சம் கறுக்கவும் இல்லை, மறையவும் இல்லை. அவள் பிறந்த நிறத்தில் அவள் கன்னத்தில் இருந்தது. வானம் முழுக்க ஒரே விளக்காய் மாறி, அவள்மேல் மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"சிக்னி! கோட்டு மாட்டிக்கோ. கரைக்குப் போறோம்."

"இந்தப் பனியிலயா? என்ன தெரியும்?"

"நீ தெரிவே."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள்.

கரையில் தண்ணீரும் வானமும் ஒட்டிக் கிடந்தன. இருந்தும் ஏரிப் பக்கம் ஒரு பிடி வெளிச்சம் கூடுதல். அதை ரெய்னோ இப்போது பார்த்தார். ஐந்து நாள் முன்பு பார்த்திருக்கமாட்டார். இந்தத் தடவை அவள் தோளைத் தொடவில்லை.

"ஏரிப் பக்கம்தான் வெளிச்சம். எந்தக் கன்னம் அந்தப் பக்கம் இருக்கணும்னு நீயே சொல்லு."

 சிக்னி தலைமுடியைக் காதுக்குப் பின்னே ஒதுக்கி, இடக்கன்னத்தை ஏரிக்குக் கொடுத்தாள். நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

ஏழே படம். போதும் என்று தோன்றிவிட்டது. கேமராவை அவளிடம் நீட்டினார்.

சிக்னி ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தாள். "ஐயே, மூக்கு சிவந்து கிடக்கு."

"குளிராலதான்."

"அழிச்சிடாதீங்க."

"எனக்கு அழிக்கவே தெரியாதும்மா. அந்தப் பாடத்துக்கு இன்னும் போகல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்த எட்டாவது படத்தை அவர் எடுக்கத் தவறிவிட்டார். பரவாயில்லை. ஏழில் மூன்றாவதைத் தேர்ந்து, செல்போனுக்கு மாற்றி, வண்டியில் உட்கார்ந்தபடியே பள்ளிக்கு அனுப்பினாள்.

பள்ளியில் முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எதிரே கம்பத்தின்மேல் ஒரு கடற்காகம், பனியில் பறக்கச் சோம்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ரெய்னோ, சீக்கிரம்" என்று அவர் முழங்கையை இடித்தாள் சிக்னி. "இன்னைக்காவது தலையோட எடுங்க."