தாய்மாமன் கேள்வி

"அரை முழம் குறையுது! கண்ணு இருக்கா உனக்கு, இல்ல அதையும் சேர்த்து இழைச்சுத் தள்ளிட்டியா?"

பிலோமென் போட்ட சத்தத்தில் மாமரத்தில் இருந்த காக்கை எழுந்து பறந்தது. மரத்தடியில் இரண்டு முக்காலிகளின் மேல் சவப்பெட்டி கிடந்தது. உள்ளே அளவுகோலாக ஒரு மூங்கில் கழியை வைத்துப் பார்த்தாயிற்று. கழி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அது அவள் தம்பி அனிசேயின் உயரத்துக்கு அவளே வெட்டி எடுத்து வந்த கழி.

"பலகை அவ்வளவுதான் கிடைச்சுதுக்கா," என்று தச்சன் தலையைச் சொறிந்தான். "முழங்காலை லேசா மடக்கி வெச்சோம்னா…"

"அவன் என்ன மத்தியானத் தூக்கமா தூங்கப் போறான், முழங்காலை மடக்கிக்கிட்டு? பிரிச்சு மறுபடி அடி."

"பலகைக்கு எங்கக்கா போவேன்?"

"அடுப்படிக் கதவைக் கழட்டிக்கோ. போ. நின்னு என் மூஞ்சியைப் பார்க்காதே."

முந்தாநாள் காலையிலிருந்து அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அழக்கூட நேரமில்லை. அழலாம் என்று ஒரு மூலைக்குப் போனால் எவனாவது வந்து, அக்கா சர்க்கரை எங்கே, அக்கா பாய் எங்கே என்று நிற்கிறான். துக்கத்துக்கு வந்தவர்கள் தார்ப்பாயின் கீழே நாற்காலிகளில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிள் எவ்வளவு ஆபத்தான வண்டி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அனிசே மோட்டார் சைக்கிளிலிருந்து விழவில்லை. பாலத்துச் சாவடியில் வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டார்கள். கலகக்காரர்களை விரட்டுவதற்கென்று அரசாங்கம் கூலி பேசிக் கூட்டிவந்த ஆட்கள் அவர்கள். வேலி போடுகிறோம் என்று சொல்லி ஓநாயைக் கொண்டுவந்து கட்டிய கதை. வாடகைக்கு ஆள் ஏற்றி ஓட்டிய அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன கருவாட்டுக்காரி எல்லாவற்றையும் பார்த்தவள். அன்று அந்தி சாயுமுன் கொல்லைப்பக்கமாக வந்து, பிலோமெனின் காதோடு வாய் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது ஊர் முழுக்கத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லாரும் மோட்டார் சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

உடலைக் கேட்டு நேற்று அவள் போலீஸ் சாவடிக்குப் போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் தலையைத் தூக்காமலே கேட்டான்: "காரணம் ரெண்டுதான் எழுத முடியும். சாலை விபத்து. இல்லேன்னா ஆயுதம் வெச்சிருந்த கொள்ளைக்காரன். எது வேணும்?"

சந்தையில் கீரைக்காரி பெரிய கட்டா, சின்னக் கட்டா என்று கேட்கிற மாதிரி.

"முதுகுல மூணு ஓட்டை இருக்கு ஐயா."

"விழுந்த இடத்துல கல்லு கிடந்திருக்கும்."

"மூணு கல்லா?"

"இங்க பாரும்மா, கொள்ளைக்காரன்னா உடலைத் தர மாட்டோம். முகாமுக்குப் பின்னாடி குழி இருக்கு, அங்கேயே போட்டுடுவாங்க. சீக்கிரம் சொல்லு, எனக்கு வேற வேலை இருக்கு."

அவள் விபத்து என்றாள். அந்தத் தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். அது அங்கே கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. போகாதேடா, பாலத்து வழியாப் போகாதேடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். சொன்னால் கேட்டால்தானே. "சுத்திப் போனா பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகுமா?" என்று சிரித்துவிட்டுப் போனான், கழுதை. அவன்மேல் இருந்த கோபமே இன்னும் ஆறவில்லை.

தார்ப்பாயின் ஓரத்தில் மார்சியால் உட்கார்ந்திருந்தான். பக்கத்துத் தெருப் பையன். அனிசேயோடு பந்து விளையாடியவன். இப்போது வெள்ளைச் சிப்பாய்களின் முகாமில் அவர்களுக்கு மொழி பெயர்த்துச் சொல்கிற உத்தியோகம். அவன் வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்துதான் ஊருக்கு மோட்டார் சைக்கிள்மேல் இவ்வளவு வெறுப்பு.

"அவன் போற வரைக்கும் வாயைக் கட்டு," என்று பேட்டைத் தலைவர் ஜெர்வே பிலோமெனைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். இதோடு ஐந்தாவது தடவை. "போன மாசம் ஆற்றோரத்து வீட்டுல ஒருத்தி ஒப்பாரியில சிப்பாய் பேரைச் சொல்லிட்டா. மறுநாள் வீடும் இல்ல, ஆளும் இல்ல. அனிசேக்கு ரெண்டு குழந்தை இருக்கு. மறந்துடாதே."

"மறக்கறதுக்கு நீங்க விட்டாத்தானே தலைவரே."

"உங்க மாமன் வந்து கேட்பாருல்ல, அப்ப நான் பதில் சொல்லிக்கறேன். நீ குறுக்கே வராதே."

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்தாள். அவர்கள் குலத்தில் தாய்மாமன் வந்து கேட்காமல் உடல் வாசலைத் தாண்டாது. எங்கள் பிள்ளையை எது கொண்டுபோனது என்று மாமன் மூன்று முறை கேட்பார். செத்தவனின் வீடு உண்மையைச் சொல்ல வேண்டும். பதில் மனதுக்குப் பட்டால் அவர் 'கேட்டோம்' என்று சொல்லி, உடல்மேல் ஒரு பிடி மண் தூவுவார். மூன்றாவது கேள்விக்கும் உண்மை வராவிட்டால், மண் தூவாமல் எழுந்து போய்விடுவார். அப்புறம் அது அநாதைப் பிணம்தான். செத்தவனின் பிள்ளைகளுக்கும் அந்த மாமன் வீட்டு உறவு அதோடு அறுந்துபோகும். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்றால் பக்கத்தில் நிற்க ஒரு நாதி இருக்காது.

பத்து மணிவாக்கில் லாரி வந்தது. ஐம்பது கிலோமீட்டர் புழுதியும் அதில் வந்தவர்கள்மேல்தான் இருந்தது. மாண்டபா மாமா முதலில் இறங்கினார், பின்னால் பன்னிரண்டு பேர். மாமாவுக்குக் காது மந்தம். அதனால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில்தான் எல்லாவற்றையும் பேசுவார்.

"என்ன ரோடு இது! இடுப்பு கழண்டு போச்சு! தண்ணி கொண்டாங்க! பிலோமென், ஏன் இப்படி இளைச்சுட்டே? நாற்காலி இல்லையா? இது ஆடுதே!"

"எல்லா நாற்காலியும் ஆடும் மாமா. உட்காருங்க."

"என்னது?"

"உட்காருங்கன்னேன்!"

இவர் இந்தக் குரலில் கேட்டால் பாலம் வரைக்கும் கேட்குமே என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

உடலைப் பாயோடு தூக்கிவந்து வாசற்படியில் கிடத்தினார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி. அனிசேயின் மனைவி சொலான்ஜ் தலைமாட்டில் உட்கார்ந்தாள், மடியில் சின்னவள். பெரியவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமா எழுந்தார். அதுவரை தண்ணீருக்கும் நாற்காலிக்கும் சலம்பிய கிழவர் இல்லை இப்போது. குனிந்து ஒரு பிடி மண் அள்ளிக் கையை மூடிக்கொண்டார்.

"எங்க பொண்ணு பெத்த பிள்ளை. நடந்து வருவான்னு இருந்தோம், படுத்துக் கிடக்கான். எது கொண்டுபோச்சு?"

"மோட்டார் சைக்கிள்," என்றார் ஜெர்வே, உடனே.

"எது?"

"மோட்டார் சைக்கிள்! கீழே விழுந்துட்டான்!"

மாமா தலையை ஆட்டினார். சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் அனிசேயின் வண்டி நின்றது. கருவாட்டுக்காரி தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன வண்டி. கண்ணாடி முதற்கொண்டு ஒரு கீறல் இல்லை. இத்தனை பேர் இரண்டு நாளாகப் பொய்யைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்களே, அந்த வண்டியைக் கொல்லைக்குத் தள்ள ஒருத்தனுக்காவது தோன்றியதா? பிலோமெனுக்கே தோன்றவில்லையே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் சோற்றையே வடிக்கவில்லை.

மாமா வண்டியருகே போனார். கண்ணாடியைத் தடவினார். ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து நின்றார்.

"வண்டி நல்லா இருக்கே! இவனை எது கொண்டுபோச்சு?"

ஜெர்வேயின் முகம் வெளிறிவிட்டது. "அம்மா, அந்தத் தாளை எடு," என்று பிலோமெனிடம் கை நீட்டினார். வாங்கி மாமாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். "பாருங்க, சாவடியில முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க."

"தாளு இவனைப் பெத்துச்சா? தாளுகிட்ட நான் கேட்கலை," என்றார் மாமா. கையால் அதை விலக்கிவிட்டு, நேராக பிலோமெனைப் பார்த்தார். "உங்கம்மா இருந்தா அவளைக் கேட்பேன். அவ இல்ல. மூத்தவ நீதான். இது மூணாவது. நம்ம பிள்ளையை எது கொண்டுபோச்சு?"

மரத்தடியில் தச்சன் ஆணி அடிப்பதை நிறுத்தினான். மார்சியால் காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், சொல்லாதே என்று ஒரு கண்ணும் சொல்லு என்று ஒரு கண்ணுமாக.

அவளுக்கு எல்லார்மேலும் எரிச்சல் வந்தது. காப்பி குடிக்கிறவர்கள்மேல், ஜெர்வேமேல், தாள்மேல், காது கேட்காத கிழவர்மேல். செத்துக் கிடக்கிறவன்மேல்தான் எல்லாரையும்விட அதிகம். சொன்னால் இருக்கிற வீடு போகும். சொல்லாவிட்டால் இவன் யாரும் இல்லாதவனாகப் போவான், பிள்ளைகளும் அப்படியே. சே, என்ன பிழைப்பு இது!

"பாலத்துல வெள்ளைச் சிப்பாய் சுட்டான் மாமா," என்றாள்.

"சத்தமாச் சொல்லு!"

"வெள்ளைச் சிப்பாய் சுட்டான்! பாலத்துல! அவங்க பாஷையில என்னமோ கேட்டான், இவனுக்குப் புரியலை. இவன் அடையாள அட்டையைக் காட்டினான். அவன் போன்னு கையைக் காட்டினான். இவன் நிறுத்தி வெச்ச வண்டியைப் பார்த்துத் திரும்பிப் பத்தடி நடந்திருக்கான். பின்னாலேருந்து மூணு தடவை சுட்டான். முதுகுல! இவன் கையில சாவி மட்டும்தான் இருந்துச்சு. போதுமா? கேட்டுச்சா உங்களுக்கு?"

மாமா குனிந்து உள்ளங்கையை விரித்து, மண்ணை அனிசேயின் நெஞ்சின்மேல் தூவினார்.

"கேட்டோம்," என்றார். முதல் தடவையாக மெல்லிய குரலில்.

"கேட்டோம்," என்றார்கள் பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும்.

மார்சியால் எழுந்தான். யாரையும் பார்க்காமல் படலைத் திறந்துகொண்டு போனான். வீட்டுக்குப் போகிற இடப்பக்கம் திரும்பவில்லை, முகாமுக்குப் போகிற வலப்பக்கம் திரும்பினான்.

"கெடுத்தியே பாவி!" என்று ஜெர்வே தலையில் கை வைத்தார். "இப்ப என்ன செய்யப் போறே?"

"புதைக்கப் போறேன். வேற என்ன செய்வாங்க?" அவள் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டினாள். "சொலான்ஜ், எழுந்திரு. குழந்தைங்க துணி, பானை ரெண்டு, போதும். புதைச்ச கையோட மாமா லாரியில ஏறிடணும். நானும் வரேன். தச்சா, உன் கதவு ஆச்சா இல்லையா?"

"ஆச்சுக்கா, ஆச்சு."

பெட்டியின் கால்மாட்டில் அடுப்படிக் கதவு கரியேறி நின்றது. அனிசேயை உள்ளே கிடத்தினார்கள். கால் நீட்டிப் படுத்தான். பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்த நேரத்தில், தார்ப்பாயின் கீழிருந்து ஒருவர் எழுந்து வந்தார். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற ஃபுல்ஜான்ஸ். வந்தவர் மாமாவின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"பெரியவரே, எனக்கும் ஒரு தடவை கேட்கணும்."

"என்னது?"

"என் பொண்டாட்டிக்கு! போன மழைக்காலத்துல போயிட்டா. அவ மாமன் வந்து மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் இல்ல. வயல்ல இருந்தா. மண்வெட்டியோட நின்னவளைச் சுட்டுட்டாங்க." அவர் இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்தார். "அந்த மாமனும் இப்ப இல்ல. நீங்க கேளுங்க."

"நான் அவளுக்கு மாமன் முறை இல்லையேப்பா."

"முறையைப் பத்தி யாரு பேசறா? கேளுங்க."

மாமா பிலோமெனைப் பார்த்தார். ஃபுல்ஜான்ஸுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்திருந்தாள், சந்தையில் எண்ணெய் விற்பவள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். நாற்காலிகள் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என் மகன், என் மச்சான், கிணறு என்று சொன்னோம், பாம்பு என்று சொன்னோம். மாமா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பினார்.

தூக்கியவர்கள் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மார்சியால் முகாமுக்கு நடந்து போக அரை மணி, சிப்பாய்கள் வண்டியில் வர ஐந்து நிமிஷம். இருக்கிற பொழுது இவ்வளவுதான், இவர்களுக்கு இப்போதுதானா வாய் திறக்கும்! இரண்டு நாள் மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று அரற்றிவிட்டு!

"நிறுத்துங்க!" என்று பிலோமென் கத்தினாள். "இப்படி ஒரே கும்பலா அடிச்சுக்கிட்டா அவருக்கு எப்படிக் கேட்கும்? வரிசையா நில்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா. ஏய், பெட்டியைக் கீழே வைங்கடா, நிழல்ல வைங்க. லாரிக்காரரே, வண்டியை ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருங்க. மாமா, நீங்க இப்படி உட்காருங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிடி மண்ணு எடுத்துக்குங்க."

அவள் ஒவ்வொருவரையாகத் தோளைப் பிடித்துத் தள்ளி, குழாயடியில் குடங்களை வரிசையில் வைக்கிற மாதிரி நிறுத்திக்கொண்டு போனாள். ஃபுல்ஜான்ஸ், எண்ணெய்க்காரி, தச்சன், தச்சனின் தங்கை. வரிசை மாமரத்தைச் சுற்றிப் படல் வரைக்கும் போயிற்று.

கடைசியில் ஜெர்வே நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். அவருடைய மூத்த மகன் ஆற்றில் மூழ்கிவிட்டான் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள். பிலோமென் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி நில்லுங்க தலைவரே," என்றாள். "அங்க வெயில் அடிக்குது."