தொங்கும் கேஜில் முள் நின்ற இடம்

கார் ஏசிக்கு என்ன நோவு என்று சொல்வதில் அக்காவை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் மாட்டி, அழுத்தம் காட்டும் இரட்டை கேஜைப் பார்ப்பாள். இரண்டு முள்ளும் தாழ்ந்து கிடந்தால் கேஸ் குறைவு, எகிறி நின்றால் கூடுதல். அவள் சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

முழங்கால் வலி வந்ததிலிருந்து தம்பிதான் குழாய்களை மாட்டிவைப்பான். "நீ குனியாதக்கா, வந்து முள்ளை மட்டும் பாரு" என்பான். இப்படியொரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோவாள்.

அன்று தம்பி சாப்பிடப் போயிருந்தான். வழக்கமாக வரும் வாடகைக் கார்க்காரர் வந்து நின்றார். போன வாரம் கோடைக்கு முன்னால் சும்மா காட்டிவிட்டுப் போக வந்தவர். கேஸ் குறைவு என்று அக்காதான் ஏற்றச் சொன்னாள். அதன்பிறகுதான் வண்டிக்குள் அனலாம். ஏறுகிறவர்கள் பாதிவழியில் இறங்கிவிடுகிறார்களாம். கோபமில்லை அவருக்கு. "நீங்க பாத்தா சரியாயிடும்மா" என்றார்.

அக்கா தானே போய் பட்டறைச் சுவரின் ஆணியிலிருந்து கேஜை எடுத்தாள். எதிலும் மாட்டாத கேஜில் முட்கள் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். இரண்டும் பூஜ்யத்துக்குக் கீழே சாய்ந்து கிடந்தன. கேஜின் கண்ணாடி மூடியைக் கழற்றினாள். முள்ளைத் திருத்துகிற குட்டித் திருகுகளில் புதுக் கீறல்.

அவற்றைச் சரிசெய்துவிட்டு, பல்லைக் கடித்துக் குனிந்து குழாய்களை மாட்டினாள். இன்ஜின் ஓடியதும் இரண்டு முள்ளும் எகிறின. நன்றாக இருந்த வண்டிக்கு வயிறு முட்ட ஊட்டி மூச்சுத் திணற வைத்தது அவள் வாய்தான்.

பல் குத்திக்கொண்டே வந்த தம்பி, கழற்றிய கண்ணாடியைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"எத்தனை நாளாடா?"

"வண்டி வர்றதே கொறைஞ்சுபோச்சுக்கா. கேஸ் ஏத்தினாத்தானே காசு. உன்னைப் பொய் சொல்லச் சொன்னா சொல்லமாட்டே. அதான், முள்ளைச் சொல்லவெச்சேன்."

"என்னைக் குனியாதன்னு சொன்னது?"

திருகைத் திருப்பியதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த முழங்கால் கரிசனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள், பாவம்?

கார்க்காரரிடம் போனாள். "அண்ணே, அன்னிக்கு உங்க வண்டியில ஒரு கோளாறும் இல்ல. எங்க கேஜை எங்க வீட்டாளே திருப்பி வெச்சிருக்கான். அதை நம்பி நான் தப்பாச் சொல்லிட்டேன். கூடுதல் கேஸை எடுத்துடறேன்."

எடுத்தாள். முட்கள் இறங்கி நிற்கவேண்டிய இடத்தில் நின்றன. சில்லென்று காற்று வந்தது. "இப்ப சரியா இருக்குண்ணே" என்றாள்.

இத்தனை வருஷமாக அவள் முகத்தை மட்டுமே பார்த்துவிட்டுப் போன மனிதர், முதல்தடவையாகக் குனிந்து முள்ளைப் பார்த்தார்.