நீர்நாய் மேல் ஒரு தீர்மானம்

ஆந்திர எல்லையில், நகரிப் பக்கம் எங்கள் ஏரி மீனவர் சங்கத்துக்குத் தலைவர் தனசேகர். டீக்கடையில் இரண்டு பேர் இருந்தாலும் "அனைவருக்கும் வணக்கம்" என்றுதான் தொடங்குவார். போன ஆடியில் விழா எடுத்து எண்பதாயிரம் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டார். இந்தச் சித்திரையில் வலை போட்டால் வந்தது கொஞ்சம் ஜிலேபி மீனும் ஒரு ஹெல்மெட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் பொதுக்குழு. காரணம் சொல்லாவிட்டால் நாற்காலி போய்விடும். தனசேகர் காரணத்தோடு வந்தார்.

"அத்தினியும் நீர்நாய் துன்னுடுச்சி. பாறை மேல மூணு கீது. வெளிநாட்டுல கடல் சிங்கம் மீனைத் துன்னுதுன்னு மீனவங்க சண்டை போடறாங்க. நம்ம ஏரியும் அந்த லெவலுக்கு வளந்துடுச்சி!"

பழக்கதோஷத்தில் நாலு பேர் கைதட்டிவிட்டார்கள்.

"மூணே மூணு எண்பதாயிரத்தைத் துன்னுதுன்னா அது நீர்நாயா, கல்யாண மண்டபமா?" என்றாள் வெங்கடலட்சுமி. முப்பது வருஷமாக இந்த ஏரியில் வலை போடுகிறவள்.

"நான் சொல்லல யக்கா, சயின்ஸ் சொல்லும்."

நீர்நாய் ஆராய்ச்சி செய்யும் யாமினியைத் திருப்பதியிலிருந்து அவரே வரவழைத்திருந்தார். 'நீர்நாயே காரணம்' என்ற தீர்மானம் தெலுங்கில் டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டுத் தயாராக இருந்தது.

யாமினி காலையிலேயே பாறைக்குப் போய் நீர்நாய் எச்சத்தைப் பதினாறு பொட்டலமாகக் கட்டி வந்திருந்தாள். தலைவரின் மிக்சர் தட்டுக்குப் பக்கத்திலேயே அவற்றைப் பிரித்தாள்.

"எல்லாத்துலயும் ஜிலேபிச் செதில், நண்டு ஓடு. கட்லா, ரோகு ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்டின்னா?"

"அதுக்கும் கிடைக்கலன்னு அர்த்தம்."

தனசேகர் அசரவில்லை. "குஞ்சு விட்டதுக்கு ஆதாரம் கீது மேடம்!" என்று சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றிக் கொடுத்தார். சாமியானா, மாலை, சிறப்பு விருந்தினர், மீன்குஞ்சு நிரப்பிய பிளாஸ்டிக் பையோடு தனசேகர். ஒன்பது மாதமாக அதில் மாலையைப் பார்த்திருக்கிறோம், விருந்தினரின் மோதிரத்தைக்கூட எண்ணியிருக்கிறோம். பையைப் பார்த்ததில்லை.

யாமினி பார்த்தாள். "சார், பையில எல்லாம் மல்லாந்து மிதக்குதே."

மிக்சர் மென்றுகொண்டிருந்த செயலாளர் ஹரிபாபு வாயை அப்படியே நிறுத்தினார்.

"பத்து மணிக்கு வரேன்ன விருந்தாளி மூணு மணிக்கு வந்தாரு," என்றாள் வெங்கடலட்சுமி. "அதுவரிக்கும் பையெல்லாம் வெயில்ல கெடந்துச்சி. அப்புறம் உன் வரவேற்புரை முக்கா மணி நேரம்."

"நீயுந்தான யக்கா சாமியானா நெழல்ல குந்திக்கினு இருந்தே?"

"இருந்தேன். பிரியாணிக்குக் காத்துக்கினு இருந்தேன். தப்புதான்."

கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு எல்லாருமே சாப்பிட்டவர்கள்.

"இன்னாப்பா சொல்றே?" என்று தலைவரைக் கேட்டாள் வெங்கடலட்சுமி. "இந்த ஆடில விடிகால அஞ்சு மணிக்குக் குஞ்சு தண்ணியில எறங்கணும். மேடை கூடாது, மைக்கு கூடாது, விருந்தாளி கூடாது. ஒத்துக்கினா நீயே தலைவரா இரு. இல்லன்னா உன்ன மாத்த இப்பவே கையத் தூக்கறோம்."

தனசேகர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மைக் இல்லாத ஆடியை நினைத்துப் பார்த்தார். தீர்மானத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி யக்கா. ஒரு சால்வையாவது..."

"எடுத்துக்கினு வா. ஏரிக்காத்து குளுரும்."