கூடவே வரும் புள்ளி

கனகராஜை எரித்த மறுநாள் காலை, அவர் சுங்கை சிப்புட்டிலிருந்து தெற்கே மிதமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். ஈப்போவில் அவர் வீட்டுக் கூரைமேல் இருந்த ஏரியல் இருப்பிடம் சொல்லும் சமிக்ஞையைக் கேட்டு இணையத்தில் ஏற்ற, காற்றில் அவருக்குப் பெயரான அழைப்புக்குறி வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக நகர்ந்தது. அமெச்சூர் வானொலிக்காரர்களிடம் இது சாதாரணம். மோட்டார் சைக்கிளில் கட்டிய சின்ன ரேடியோ, தான் இருக்கும் இடத்தைக் காற்றில் சொல்லிக்கொண்டே போகும். வீட்டில் கேட்வே வைத்திருப்பவர் அதைப் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவார். ஆனால் கனகராஜின் ரேடியோ, அவரை இடித்துவிட்டு நிற்காமல் போன லோரியின் சக்கரத்தில் நசுங்கி, போலிஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையில் கிடந்தது. வானொலிக் கூட்டாளி சுகுமாரன் பையைப் பிரித்துப் பார்த்தார். "ரேடியோவே செத்துப்போச்சு அண்ணி. அண்ணே எதுல இருந்து அனுப்புறாருன்னு தெரியலலா," என்றார். "எதுல இருந்து அனுப்புனா என்ன? யாரு கூட போறாருன்னு பாக்கணும்," என்றாள் மனைவி குமுதா.

அவள் தன் பழைய காரில் புள்ளியின் பின்னால் போனாள். காம்பாரில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் அது நின்ற இடத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. முன்பக்கத்தில் மட்டும் புதுச் சாயம். அடுத்த நாள் பீடோரில் அதே லோரி. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டமொன்றின் வாசலில் அதே லோரி, அதே டிரைவர். பெயர் பத்துமலை. குமுதா சொன்னதைப் போலிஸ்காரர்கள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இறந்தவரிடம் வாக்குமூலம் வாங்கும் வழி தெரியாமல் கையைப் பிசைந்தார்கள். அன்றிலிருந்து புள்ளி நின்ற இடத்திலெல்லாம் குமுதாவும் போய் நின்றாள். அவள் வயிறு எரிந்தது. அது அணைய வேண்டும் என்று அவள் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை.

பத்துமலை தன் சொந்த லோரியை விற்றுப் பார்த்தான். லோரி வடக்கே போனது, புள்ளி அவனோடு முடிவெட்டும் கடைக்குப் போனது. கார் வாங்கினான். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாதபோதும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தியது. காலி இருக்கைக்குப் பெல்ட் மாட்டிய பிறகுதான் வாயை மூடியது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். கனகராஜ் உட்கார்ந்துகொண்டே அந்த வேலையைப் பார்த்தார். இரண்டு வருடத்தில் பத்துமலை பாதியாக இளைத்து, ஒரு மத்தியானம் குமுதாவின் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, கூரைமேல உள்ள அந்த ஏரியல அடச்சிருங்கக்கா. கோயிலுக்குப் போனாலும் கூடவே வாராரு."

"நான் ஒன்னும் பண்ணல. அவரு சொல்றாரு, கூரை கேக்குது. நீ போலிஸ்ல போயி ஒன் வாயால சொல்லு."

சொன்னான். சிறைக்குப் போனான்; புள்ளியும் தைப்பிங் சிறைக்குள் போய் உட்கார்ந்தது. அமெச்சூர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களில் ஒருவர் இறந்தால், அவர் அழைப்புக்குறியைக் கடைசியாக ஒருமுறை காற்றில் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, இனி வரமாட்டார் என்று வழியனுப்பிவிடுவார்கள். கருமாதியன்று செய்ய வேண்டியதைக் குமுதாதான் தடுத்து வைத்திருந்தாள். இப்போது சுகுமாரன் வந்து, "அவன்தான் ஒத்துக்கிட்டானே. அண்ணன அனுப்பி வச்சிரலாம் அண்ணி," என்றார். புருஷன் நிம்மதியாகப் போகட்டும் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "ரோட்டுல கெடந்தவர அவன் திரும்பிக்கூட பாக்கல. இவரு அவனப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்," என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

பத்துமலை விடுதலையானபோது புள்ளியும் வெளியே வந்தது. அவனுக்கு மறுபடி டிரைவர் வேலை கிடைத்தது; முதலாளிமார் அந்தப் புள்ளியைப் பார்த்தே லோரி எங்கே என்று தெரிந்துகொண்டார்கள். ஒரு சாயங்காலம் அவன் மனைவி கலாதேவி குமுதாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, சமைச்சு வச்சிட்டு உக்காந்திருக்கேன். போன எடுக்க மாட்டேங்குறாரு. எங்க இருக்காருன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

குமுதா பார்த்தாள். "பீடோர் தாண்டி வந்துகிட்டிருக்காரு. எங்க வீட்டுக்காரரும் கூடத்தான் வாராரு. ஒரு தட்டு சேத்துப் போடு."

"சரிக்கா," என்றாள் கலாதேவி. தட்டு எடுக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.